நிறமா? நிலைமையா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அந்த வம்சத்துக்குப் படிப்பு ஏறாது" என்று ஊரார் சொல்லக் கேட்டே வளர்ந்தவன். ஆகவே ஒரு கூட்டத்தாரின் பழக்கத்துக்கு அவர்தம் பிறப்பே காரணம் என்று யார் கூறினாலும், சற்று நின்று விசாரிப்பது என் வழக்கம். அமெரிக்காவில் ஹெராயினை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே பழக்க வேறுபாடுகள் உண்டு என்று படித்தபோதும் அப்படியே விசாரித்தேன்.

முதலில் வேதியியலைக் கேட்போம். அபினியிலிருந்து கிடைக்கும் மார்பீனுடன் இரண்டு அசிட்டைல் தொகுதிகள் சேர்ந்தால் அதுவே ஹெராயின். 1874-இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்பவர் இதை முதன்முதலில் தயாரித்தார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதனை இருமல் மருந்தாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது! உடலுக்குள் சென்றதும் அசிட்டைல் தொகுதிகள் கழன்று மீண்டும் மார்பீனாக மாறுகிறது. இந்த வினை தோலின் நிறம் பார்த்து நடப்பதில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பிலிப் பூர்ஷுவா, ஜெஃப் ஷோன்பெர்க் என்னும் இரு மானிடவியலார் சான் பிரான்சிஸ்கோ நகரில் வீடற்ற ஹெராயின் அடிமைகளோடு பல்லாண்டுகள் பழகி, 2009-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அங்கே கறுப்பினத்தவர் பலர் எவ்வளவு நேரமானாலும் இரத்தக் குழாயைத் தேடியே ஊசி போட்டனர். வெள்ளையர் பலரோ அம்முயற்சியைக் கைவிட்டுத் தசையிலோ தோலுக்கடியிலோ குத்திக்கொண்டனர், சீழ்க்கட்டிகளால் அவதியுற்றனர். ஒரே ஊர், ஒரே சரக்கு, ஒரே வறுமை; பழக்கம் மட்டும் இரண்டு! தெருவில் கிடந்தபோதும் இரு இனத்தாரும் பெரும்பாலும் தனித்தனியே படுத்துறங்கினர். எனவே அவரவர் கூட்டத்தின் பழக்கமே அவரவர்க்குப் படிந்தது.

காலமும் கணக்கை மாற்றியது. சிகிச்சைக்கு வந்தோரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 1960-களில் இப்பழக்கத்தைத் தொடங்கியோரில் வெள்ளையரும் மற்றவரும் ஏறக்குறையச் சமம். ஆனால் அந்த ஆய்வுக்கு முந்தைய பத்தாண்டில் தொடங்கியோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வெள்ளையர்! அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவர் எழுதித் தரும் வலி மாத்திரைகளிலிருந்து ஹெராயினுக்கு வந்தவர்கள். 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் அத்தகைய மாத்திரைகளுள் பேர்பெற்றது. கறுப்பின நோயாளியின் வலியை முழுதும் நம்பாத மருத்துவர்கள் அவர்களுக்கு அம்மாத்திரைகளைக் குறைவாகவே எழுதினர். அவமதிப்பே அவர்களுக்குச் சிறிது காலம் வேலியாயிற்று, என்ன விந்தை!

அந்த வேலியும் நிலைக்கவில்லை. ஃபென்டனில் என்னும் கொடிய பொருள் தெருச் சரக்கில் கலந்தபின், 2020-இல் போதை மிகுந்து இறப்போரின் விகிதம் கறுப்பினத்தவரிடையே வெள்ளையரை விஞ்சியது. இருபது ஆண்டுகளில் எவருடைய இரத்தமும் மாறவில்லை. மாறியவை சந்தையும் சரக்கும் மருத்துவரின் பேனாவுமே.

நண்பர்களே! ஒரு கூட்டத்தார் இப்படித்தான் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது, எது அடைத்திருந்தது என்று கேளுங்கள். எங்கள் வம்சத்தைப் பற்றி ஊரார் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.