பேட்டரி படகில் பயமில்லாமல் ஏறலாமா?

கொச்சிக்குப் போகிறீர்களா? அப்படின்னா வாட்டர் மெட்ரோவில் ஒருமுறையாவது ஏறிப் பார்ப்பீர்கள். மொபைலில் டிக்கெட் எடுத்து, க்யூஆர் கோடைக் காட்டினால் கேட் திறக்கும். படகில் டீசல் நாற்றம் இல்லை, என்ஜின் இரைச்சல் இல்லை. ஆனாலும் மனசுக்குள்ள ஒரு கேள்வி எழும்: "ஸ்கூட்டர் பேட்டரியே தீப்பிடிக்குதுன்னு செய்தியில பார்க்கிறோம். தண்ணிக்கு நடுவுல இது பாதுகாப்பா?"

நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

எந்த வகை பேட்டரி?

கொச்சி படகுகளில் இருப்பது லித்தியம் டைட்டனேட் பேட்டரி. உங்கள் மொபைல் பேட்டரியில் ஒரு முனையில் கிராஃபைட் இருக்கும். இதில் அந்த இடத்தில் லித்தியம் டைட்டனேட் இருக்கிறது. அதனால் இது அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. 10 முதல் 15 நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும். பயணிகள் இறங்கி ஏறும் நேரத்திலேயே சார்ஜ் போடலாம்.

குறையும் உண்டு. விலை அதிகம், அதே எடையுள்ள மற்ற லித்தியம் பேட்டரியைவிடக் குறைந்த மின்சாரத்தைத்தான் சேமிக்கும். ஆகவே, துறைக்குத் துறை போகும் குறுகிய பயணங்களுக்குப் பொருத்தமானது.

அதற்காக பேட்டரி படகில் ஆபத்தே கிடையாது என்று சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் நார்வேயில் ஒரு படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. தீ அடங்கிய பிறகு, மறுநாள் அங்கே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. பேட்டரி அறையில் தீயை அணைப்பது மட்டும் போதாது, வாயு வெளியேறவும் வழி வேண்டும் என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

மின்சாரம் எப்படி மிச்சமாகிறது?

டீசல் என்ஜினில் எரிபொருள் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. மின் மோட்டாரோ தனக்குக் கிடைப்பதில் சுமார் 90 சதவீதத்தைச் சுழற்சியாக மாற்றிவிடும்.

வேகமும் முக்கியம். படகின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். "ஏன் மெதுவா போறாங்க?" என்று தோன்றினால், காரணம் இதுதான். கொச்சி படகின் அடிப்பாகம் ஒல்லியான இரண்டு பகுதிகளாக இருப்பதால் தண்ணீரின் எதிர்ப்பும் குறைகிறது.

கேரளத்திலேயே வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரிய ஒளி படகு ஓடுகிறது. 75 பேர் போகலாம். கூரையில் உள்ள தகடுகள் பேட்டரிக்கு மின்சாரம் தருகின்றன.

பெரிய ஆபத்து எது?

வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்டது. 12 நாள் கழித்து, மே 7 அன்று, அதே கேரளத்தின் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கே பேட்டரி எதுவும் எரியவில்லை. அனுமதித்த அளவைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள்.

கொச்சியில் ஒரு படகுக்கு 100 பேர்தான். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். நூறு ஆனதும், அடுத்தவர் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். புது பேட்டரியைவிட இந்தக் கணக்குதான் உங்களுக்குப் பெரிய காவல்.

எந்தப் படகில் ஏறினாலும் கவனியுங்கள்

• எத்தனை பேருக்கு அனுமதி என்ற பலகையைப் பாருங்கள். கூட்டம் மிஞ்சினால் ஏறாதீர்கள்.
• லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, குழந்தைகளுக்கான அளவு உண்டா என்று கேளுங்கள்.
• செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். படகு சாயும்.
• புகையோ, வித்தியாசமான வாடையோ வந்தால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள்.

"இடம் இல்ல, அடுத்த படகுல வாங்க" என்று ஊழியர் சொன்னால் கோபப்படாதீங்க. அவர் உங்க உயிரைத்தான் காப்பாத்துறார்.