நாற்பத்தொரு நாள் காலித் தொட்டி

போன வருஷம் எங்கள் வீட்டில் ஐந்தே நாளில் நாலு மீன்கள் செத்துப்போயின. கொன்றது நான்தான். எப்படி என்று சொன்னால் உங்கள் வீட்டு மீனாவது பிழைக்குமே என்றுதான் இந்தக் கடிதம்.

ஆறாவது படிக்கும் என் மகனின் பிறந்த நாளுக்கு நூறு லிட்டர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி வாங்கினோம். தங்க மீன் சலித்துவிட்டதாம், கடல் மீன்தான் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். "தூத்துக்குடி உப்பக் கரைச்சா தூத்துக்குடிக் கடல் வந்துட்டுப் போகுது" என்றார் என் வீட்டுக்காரர். அப்படி வராது. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு மக்னீசியம் போய்விடுகிறது. சமையல் உப்பில் அது மிஞ்சாது. அதனால் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புப் பொடியை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மூன்றரைக் கிலோ கரைத்தேன். ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது. அதுவரை தப்பில்லை. "இன்னைக்கே விட்டுடலாம்க்கா" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அன்று சாயங்காலமே நாலு கோமாளி மீன்களை விட்டதுதான் தப்பு.

மூன்றாம் நாள் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்து கிடந்தது. ஐந்தாம் நாள் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினான் பையன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. "வாயில்லா ஜீவன், பாவம்" என்று அத்தை முணுமுணுத்தது இன்னும் காதில் நிற்கிறது.

பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. போட்ட தீனி மிஞ்சி அழுகினாலும் அதேதான். கடலில் அது கரைந்து ஓடிப்போகும். தொட்டியில் எங்கே போகும்? கடல் தண்ணீரில் காரத்தன்மை அதிகம் என்பதால் அம்மோனியாவின் விஷமும் அங்கே அதிகம். இதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. அன்றைய ரஷ்யப் பேரரசின் கீவ் நகரில் பிறந்த வினோகிராட்ஸ்கி 1890லேயே கண்டு சொன்ன விஷயம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இருக்காது. அவை மணலிலும் பில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர நாலு முதல் ஆறு வாரம் வேண்டும்.

அத்தையிடம் இதை விளக்கினேன். "ஏட்டி, பாலுல உறை ஊத்துன உடனே தயிராயிருமா? இது தெரியாமலா மீன வாங்கியாந்த?" என்றார்கள். நான் நாலு நாள் படித்தது அத்தைக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது!

இரண்டாம் தடவை கார்த்திகை ஒண்ணாந் தேதி ஆரம்பித்தேன். காலித் தொட்டியில் ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா கிடைக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் குளித்து, சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வீட்டுக்குள் இறாலா? மூச்! மீனுக்குப் போடும் தீனியையே தினம் ஒரு சிட்டிகை தூவினேன். அதிலும் மீன் மாவு உண்டு என்பதைச் சாமியிடம் நான் சொல்லவில்லை.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே சோதனைக் கணக்கும் எழுதினேன். சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். முதல் வாரத்துக்குள் அம்மோனியா மஞ்சளிலிருந்து பச்சைக்கு ஏறியது. இரண்டாம் வாரக் கடைசியில் நைட்ரைட் ஊதா. அங்கேதான் பொறுமை போயிற்று. அம்மோனியா இறங்கிவிட்டது, ஆனால் ஊதா மட்டும் பதினைந்து நாள் அசையவில்லை. மார்கழிக் குளிரில் இந்த பாக்டீரியாக்களும் மெதுவாகத்தான் பெருகும் என்று பின்னால் தெரிந்தது. பையன் தினம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "இன்னும் ஊதாதானாம்மா?" என்பான். போன தடவை அழுத அதே பிள்ளை இப்போது, "அவசரப்படாதம்மா" என்று எனக்கே சொன்னான்.

நடுவில் ஒருநாள் பில்டர் பஞ்சைக் குழாயில் அலசப் போனேன். பாத்திரம் தேய்க்கிற கை சும்மா இருக்குமா? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, வளர்த்ததெல்லாம் செத்துவிடும். அலசுவதானால் தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் மொண்டு அதில் அலசவேண்டும். கரண்ட் போனாலும் ஆபத்துதான், ஏனென்றால் பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வைத்தேன்.

உயிருள்ள பவளப்பாறைத் துண்டு போட்டால் சீக்கிரம் ஆகும் என்று சொல்வார்கள். நம் மன்னார் வளைகுடாவிலிருந்து அதை எடுப்பது குற்றம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். மீனும் கடலில் பிடித்ததாக இருக்கவேண்டாம். மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்ததாகக் கேட்டு வாங்கலாம்.

முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். அப்பவும் நான் நம்பவில்லை. தீனியை இரட்டிப்பாகப் போட்டு இரண்டு நாள் சோதித்தேன். பூஜ்யமேதான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, நாற்பத்தொன்றாம் நாள், மண்டல பூஜையன்று, இரண்டே இரண்டு மீன்களை விட்டோம். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்குமாம். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறி மற்றதை அதட்டி வைக்குமாம். "இங்க மட்டும் என்ன வாழுதாம்" என்றார் மாலை கழற்றி வந்த சாமி.

இப்போது குற்றாலத்தில் இருக்கும் என் தங்கச்சி தன் பிள்ளைகளுக்குத் தொட்டி வைத்திருக்கிறாள். என் பில்டர் பஞ்சில் பாதியை வெட்டி, காயாமல் தொட்டித் தண்ணீரோடு தூக்குவாளியில் போட்டு, டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னக்கா, உறைமோர் கொண்டாந்தியா?" என்று சிரித்தாள். பன்னிரண்டாம் நாளே ஊதா வெளுக்க ஆரம்பித்துவிட்டதாம். நேற்றும் போன் பண்ணினாள், மீன் வாங்கலாமா என்று. இன்னும் ஒரு வாரம் போகட்டும்டி என்றேன்.

- ஒரு வாசகி, தென்காசி