முன்னறையில் ஓவர்லாக், உள்ளறையில் தொட்டில்

“வீட்டோட வேலதான கண்ணு, கொழந்தையையும் பாத்தாப்ல ஆச்சு.” என் மகள் பிறந்தபோது பார்க்க வந்த பெரியவர்கள் ஏறத்தாழ அனைவரும் இதையே சொன்னார்கள். அவிநாசி அருகே எங்கள் வீட்டு முன்னறையில் அப்போது ஓர் ஓவர்லாக் இயந்திரமும் ஒரு பேட்லாக் இயந்திரமும் இருந்தன. திருப்பூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். குழந்தைகளுக்கான பனியன்களாகத் தைத்துத் திருப்பி அனுப்புவேன். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஊரார் பார்வையில் நான் சொந்தத் தொழில் செய்பவள்.

அந்தச் சொல்லின் பொருள், பிரசவமான நாற்பதாம் நாள் அடுத்த கட்டு வாசலில் இறங்கியபோதுதான் விளங்கியது. மூன்று நாள்களில் தைத்து முடிக்க வேண்டிய ஏற்றுமதிச் சரக்கு அது. முடியாது என்று சொல்லியிருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருமுறை திரும்பிப் போகும் கட்டு அடுத்த தெருவுக்குச் செல்லும், பின்பு நம் வாசலுக்கு வராது.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்று கொண்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது விடுப்புக் கணக்கு. பீஸ் ரேட்டில் இது டஜன் கணக்கு: எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் கூலி குறைகிறது. அந்தக் கூலியும் பனியன் கம்பெனியில் அமர்ந்து தைப்பவரை மனத்தில் வைத்து நிர்ணயித்தது. அவருக்குத் துணியை எடுத்துக் கொடுக்கவும் அடுக்கவும் ஒரு கைமடி இருப்பார். எனக்கு அதுவும் நானே. மின்கட்டணமும் ஊசியும் இயந்திரப் பழுதும் என்னுடையவையே. ஓவர்லாக் துணியின் ஓரத்தை வெட்டும்போது பஞ்சுத் தூசி பறக்கும் என்பதால் தொட்டிலை உள்ளறைக்கு மாற்றினேன். மாற்றிய பின் மோட்டார் ஓசையில் அழுகை கேட்கவில்லை. டஜனுக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்திக் காது கொடுத்துப் பார்ப்பேன். மீதமிருந்த வேலையை இரவு பத்து மணிக்குமேல் தைத்தேன். வீட்டுத்தொழிலையும் குழந்தையையும் ‘சமாளிப்பது’ என்று நாம் சொல்வது, பெரும்பாலும் தாயின் உறக்கத்திலிருந்து எடுத்த நேரத்தைத்தான்.

இதே பனியனை ஆலைக்குள் தைக்கும் பெண்ணுக்குச் சட்டம் என்ன தருகிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்தின்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை உறுதிசெய்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இவற்றைவிடப் பெரிதாக நான் கருதுவது, விடுப்பிலிருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்னும் விதியை. பணம் ஓரளவு கடனாகக் கிடைக்கும். திரும்பிச் செல்ல வேலை இருக்கும் என்ற உறுதி கடனாகக் கிடைக்காது.

2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ‘வீடுசார் தொழிலாளர்’ யார் என்று வரையறுக்கிறது. இயந்திரமும் மூலப்பொருளும் யாருடையவை என்பது பொருட்டல்ல. இன்னொருவருக்காக ஊதியம் பெற்று வீட்டில் பொருள் செய்பவர் தொழிலாளரே. ஆக, என் இயந்திரம் எனதாக இருந்தாலும் நான் முதலாளி அல்ல. எனினும் அந்த 26 வாரங்கள் இவருக்கு இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு அரசு வகுக்கும் நலத்திட்டங்களோடு நின்றுவிடுகிறது.

தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் ஏழைத் தாய்மார்களுக்குப் பேருதவி. தையல் தொழிலாளர் நல வாரியமும் பதிவு பெற்றவர்களுக்கு மகப்பேறு உதவி வழங்குகிறது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை அரசின் கருணையிலிருந்து வருபவை. தைத்த பனியனால் பயன்பெற்ற எவருடைய பொறுப்பிலிருந்தும் வருபவை அல்ல. மத்திய அரசின் ‘பால்னா’ காப்பகங்களும் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்கின்றன. தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்தும் முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருக்கும் தொழிலாளியிடம் எதுவும் இல்லை.

நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று இதை ஒதுக்க முடியாது. 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளியாக ஏற்று, மகப்பேறு நலச் சட்டத்தை உரிய மாற்றங்களோடு அவருக்கும் நீட்டித்தது. நெல்லைச் சீமையில் முற்றத்தில் அமர்ந்து சுற்றிய பெண்ணுக்கு ஏட்டளவிலேனும் கிடைத்த உரிமை, அந்நியச் செலாவணி ஈட்டும் பின்னலாடைக்குக் கிடைக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய வீட்டுவேலை உடன்படிக்கை (எண் 177) மகப்பேறு பாதுகாப்பையும் உள்ளடக்கியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்கள் பலவும் ஆலைக்குள் தணிக்கை செய்கின்றன; வேலை வெளியே போவதை விரும்புவதில்லை. விளைவு, வேலை நிற்பதில்லை, கணக்கில் மறைகிறது. தடை விதிப்பதைவிட, எந்தக் கட்டு எந்த வீட்டுக்குப் போனது என்று ஏற்றுமதியாளர் பதிவேடு வைப்பதும், வேலை தருபவரின் கையொப்பத்தோடு ஒரு கூலிப் புத்தகம் பெண்ணிடம் இருப்பதும் முதல் தேவை. பீடித் தொழிலில் அத்தகைய புத்தகம் உண்டு. என்னிடம் இருந்தது, டஜன் கணக்கை நானே எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதைக் காட்டி எந்த அலுவலகத்திலும் நான் தொழிலாளி என்று நிறுவியிருக்க முடியாது.