சதுப்புக் காட்டின் சாட்சி
வீட்டுக்கு எண்ணெய்ப் பணம் வந்தது. காட்டுக்கு அழிவு வந்தது. இரண்டுக்கும் நடுவே காமிராவுடன் நின்றவர் ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டர்.

விழுந்து கிடக்கும் மரத்தின் பொந்து. உள்ளே ஒரு பிணந்தின்னிக் கழுகுக் குஞ்சு. வெளியே சேறு, கொசு, பாம்பு. எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் நாற்றம். அந்தப் பொந்தின் முன்னால் ஒரு பெண் காமிராவை நிறுத்திக்கொண்டிருக்கிறார். தனியே அனுப்ப மனமில்லாமல் கணவரும் கூடவே வந்திருக்கிறார்.

இடம், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கிழக்கிலிருந்த லிம்பர்லாஸ்ட் சதுப்பு நிலம். காலம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். சில நாளுக்கு ஒருமுறை போய்ப் போய், அந்தக் குஞ்சு வளர்ந்து பறக்கும்வரை படமெடுத்தார் ஜீன். ஏறக்குறைய மூன்று மாத வேலை. குஞ்சுக்கு அவர் வைத்த பெயர் 'லிட்டில் சிக்கன்'. பிணம் தின்னும் பறவைக்குச் செல்லப் பெயர் வைக்கத் தனி மனசு வேண்டும்.

அந்த மனசு சிறுவயதிலேயே வந்துவிட்டது. 1863இல் விவசாயக் குடும்பத்தில் பன்னிரண்டாவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். பண்ணையிலுள்ள பறவைகளெல்லாம் இனி உன்னுடையவை என்று சொல்லிவிட்டார் அப்பா. பள்ளிப் படிப்பை ஜீன் முடிக்கவில்லை. 1886இல் சார்லஸ் போர்ட்டரை மணந்தார். ஜெனீவா என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் கணவர். வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் 13,000 ஏக்கர் சதுப்புக் காடு.

கணவரும் மகளும் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த காமிராதான் தொடக்கம். குளியலறையே இருட்டறை. வான்கோழி பரிமாறும் பெரிய தட்டுகளில் படங்களை அலசுவார். பறவையைச் சுட்டு வீழ்த்தி, பாடம் செய்து ஆராய்வதே அன்றைய வழக்கம். தொப்பியில் இறகு செருகாத சீமாட்டி கிடையாது. 1900இல் பத்திரிகையில் வந்த அவரது ஆரம்பக் கட்டுரை ஒன்று, அந்தத் தொப்பிகளைத்தான் சாடியது. அவருடைய வழி வேறு. காமிராவை இலைதழையால் மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டை நெருங்குவார். தாய்ப்பறவை பழகி, பயம் தெளிந்த பிறகே படம். இதற்குச் சில சமயம் நாள்கணக்கில் ஆகும்.

அந்துப்பூச்சிகளோடு அவருக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. வட அமெரிக்காவின் மிகப் பெரிய அந்துப்பூச்சி செக்ரோப்பியா. விரித்தால் கையகலம் இருக்கும். கூட்டைக் கிழித்து வெளியே வந்தபின் அது எதையும் உண்பதில்லை, உண்ண வாயும் கிடையாது. ஆயுள் இரண்டு வாரம். அதற்குள் சிறகின் பளபளப்பும் போய்விடும். படமோ கறுப்பு வெள்ளை. ஆகவே படங்களின் மேல் தன் கையாலேயே நீர்வண்ணம் தீட்டினார். 1912இல் புத்தகமாக வந்தன அந்தப் படங்கள்.

இந்தப் புத்தகங்கள் அதிகம் விற்காது என்பது பதிப்பாளருக்குத் தெரியும். ஒரு நாவல், அடுத்து ஓர் இயற்கைப் புத்தகம் என்று மாறி மாறித் தருவதாக ஏற்பாடு. அதே சதுப்பைக் களமாகக் கொண்ட 'ஃப்ரெக்கிள்ஸ்' (1904), 'எ கேர்ல் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்' (1909) இரண்டும் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டின. கதை விற்ற காசில் கழுகும் பூச்சியும் அச்சேறின. கெட்டிக்காரத்தனமான வியாபாரம்தான்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. மரவியாபாரிகள் காட்டை வெட்டினார்கள். எண்ணெய் தோண்டுவோர் வந்தார்கள். நீராவித் தூர்வாரிகள் கால்வாய் வெட்டி, தண்ணீரை வபாஷ் நதிக்கு வடித்தன. பின்னாலேயே சோளம் விதைக்க விவசாயிகள் வந்தார்கள். சார்லஸ் போர்ட்டரின் நிலத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள்! மனைவி படமெடுத்த காட்டை விழுங்கிய அதே தொழிலில் கணவருக்கும் பங்கு இருந்தது. ஜீனைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டியதில்லை. கைக்குக் காமிராவும் காலுக்குப் பூட்சும் கிடைத்த குடும்பங்கள் அன்று அப்படித்தான் பணம் சேர்த்தன.

1913இல் சதுப்பு அநேகமாக வறண்டுவிட்டது. படமெடுக்க ஒன்றும் மிஞ்சாத ஊரைவிட்டு, வடக்கே சில்வன் ஏரிக்கரைக்குக் குடிபோனார் ஜீன். அழியவிருந்த இடங்களிலிருந்து காட்டுச் செடிகளைப் பெயர்த்துவந்து ஆயிரக்கணக்கில் நட்டார். அங்கும் நிம்மதியில்லை. நோபில், லக்ரேஞ்ச் மாவட்டங்களின் அரசு சதுப்புகளை வடிக்க ஒரு சட்டம் வந்தது. 1917இல் அதை எதிர்த்துக் கிளம்பினார். 1920இல் சட்டம் ரத்தானது. ஆனாலும் அந்தச் சதுப்புகள் பின்னாளில் வடிக்கப்பட்டன. 1924 டிசம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய கார் மீது டிராம் மோதியது. இறக்கும்போது வயது 61.

ஜெனீவாவில் அவர் வாழ்ந்த பதினான்கு அறை மரவீடு இன்று நினைவகம். 1990களில் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து பழைய சதுப்பை மீட்கக் கிளம்பினார்கள். சோள வயல்களை விலைக்கு வாங்கி, பூமிக்கடியில் பதித்திருந்த வடிகால் குழாய்களை உடைத்தார்கள். 13,000 ஏக்கரில் இதுவரை மீண்டது 1,500க்குச் சற்று அதிகம். பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, நீர்ப்பறவைகள் வந்திறங்குகின்றன.