உங்களுக்குத் தெரியுமா? பாஸ்வேர்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளாத சர்வரே நல்ல சர்வர்!

செயலியில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து 'லாகின்' தட்டுகிறோம். அதை வாங்கிச் சரிபார்த்து உள்ளே விடுவது, கண்ணுக்குத் தெரியாத பேக்எண்ட் ஏபிஐ. அதை எழுதப் பழகுபவர்களும் தினமும் பயன்படுத்துபவர்களும் அறிய வேண்டிய சில செய்திகள்:

★ கணினிக்குப் பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ. 1960களின் தொடக்கத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கே என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

★ 1962லேயே அந்தப் பூட்டு உடைந்தது! கணினியில் வாரத்துக்குத் தரப்பட்ட 4 மணி நேரம் போதாமல், ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் பாஸ்வேர்டு கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். எல்லாம் வெறும் எழுத்தாகவே கிடந்ததால் வந்த வினை.

★ இன்று நல்ல ஏபிஐ பாஸ்வேர்டைச் சேமிப்பதே இல்லை. அதை அரைத்துக் கிடைக்கும் 'ஹாஷ்' மட்டுமே டேட்டாபேஸில் இருக்கும். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியுமா? நீங்கள் மீண்டும் லாகின் செய்யும்போது, புதிதாக அரைத்து இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது.

★ இருவர் ஒரே பாஸ்வேர்டை வைத்தால் ஹாஷும் ஒன்றாகிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 'சால்ட்', அதாவது உப்பு சேர்க்கிறார்கள். இந்த முறையை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979லேயே எழுதி வைத்தார்கள். ஆனாலும் 2012ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியான சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் உப்பே இல்லை!

★ மென்பொருள் வேகமாக ஓட வேண்டும் என்பார்கள். ஆனால் 1999ல் வந்த 'பிகிரிப்ட்' என்ற ஹாஷ் முறை வேண்டுமென்றே மெதுவாக ஓடும். அதன் கடின அளவை 1 கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். 10 என்று வைத்தால் 1,024 சுற்று. உங்களுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு ஆயுள் தண்டனை.

★ தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்கள் கவனிக்க: பாஸ்வேர்டின் முதல் 72 பைட்டை மட்டுமே பிகிரிப்ட் பார்க்கும். யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கோ' 6 பைட். நாலெழுத்து 'கோபுரம்' 21 பைட்டை எடுத்துக்கொள்ளும்!

★ லாகின் முடிந்ததும் பல ஏபிஐகள் 'ஜேடபிள்யூடி' என்ற டோக்கனைத் தருகின்றன. அது பொதுவாகப் பூட்டிய பெட்டி அல்ல. முத்திரை குத்திய திறந்த கடிதம். யாரும் படிக்கலாம், திருத்தினால் மட்டும் பிடிபடும். ரகசியம் எதையும் அதற்குள் வைக்கக் கூடாது.

★ 401 என்று சர்வர் சொன்னால், 'நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்' என்று பொருள். 403 என்றால், 'யாரென்று தெரிந்தாலும் அனுமதி இல்லை'. இரண்டையும் குழப்பாமல் எழுதுவதே ஏபிஐ பயில்பவருக்கு நல்ல தொடக்கம்.

★ கடைசியாக ஒரு சோதனை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்றதும் ஒரு தளம் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்புகிறதா? அப்படியானால் அது ஹாஷ் செய்யவில்லை என்று பொருள். அதே பாஸ்வேர்டை வேறெங்கு வைத்திருந்தாலும் இன்றே மாற்றிவிடுங்கள்!