ஊமைக்காயம் என்று விட்டுவிடாதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் மன்னார்த் தீவில் விடியப்புறம் மோட்டார் சைக்கிள் ஓடுவது லேசான காரியமில்லை. தாம்போதியில் ஏறியதும் வாடைக்காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். தலைமன்னார் வீதியில் காற்று அள்ளிக் கொட்டிய மணல் ஓரத்தில் ஏறிக் கிடக்கும். தலைக்கவசக் கண்ணாடியில் பனி படிந்து முன்னால் இருப்பது மங்கலாகும், விறைத்த விரல்கள் பிரேக்கைப் பிடிக்கப் பிந்தும். அந்த நேரம் பார்த்து வீதி நடுவே ஒரு மாடோ கழுதையோ படுத்திருக்கும். பெரிய வேகத்தில் விழுவதில்லை. ஆனால் ஹாண்டில் நுனி விலாவில் குத்திவிடும், அல்லது வீதியோரக் கல்லில் நெஞ்சு அடிபட்டுவிடும். எழும்பி, மண்ணைத் தட்டி, "ஒண்டுமில்லை அண்ணை, ஊமைக்காயந்தான்" என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கை முறிந்தால் கட்டுப் போடுவார்கள், ஊரே பார்க்கும். விலா எலும்பு முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மாவுக்கட்டு இல்லை, பல வேளை வீக்கம்கூட இல்லை. அதனால் வீட்டாரும் முதலாளியும் பொலிஸும் அதை ஒரு காயமாகவே எண்ணுவதில்லை, சில வேளை அடிபட்டவரே எண்ணுவதில்லை. அந்த அலட்சியம் முதலில் சுவாசப்பையைப் பாதிக்கிறது, பிறகு நட்டஈட்டையும் இல்லாமல் செய்கிறது.

முறிந்த விலா பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும். ஏறக்குறைய ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம் வரை எடுக்கும். ஆபத்து மூச்சில்தான் இருக்கிறது. நோவுக்குப் பயந்து மேல்மூச்சாக மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் சுவாசப்பையின் அடிப்பகுதி விரியாது. இருமப் பயந்தால் சளி அங்கேயே தேங்கும். பனிக்காலத்தில் தடிமனும் சேர்ந்தால் அந்தச் சளியே நிமோனியாவாக மாறும். 65 வயதைத் தாண்டியவர்களில் முறிந்த எலும்பு ஒவ்வொன்று கூடும்போதும் நிமோனியா ஆபத்தும் உயிராபத்தும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அப்பாவோ அம்மம்மாவோ பின் சீற்றிலிருந்து விழுந்தால் "நாளைக்குப் பார்ப்பம்" என்ற பேச்சே வேண்டாம்.

நெஞ்சைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் செய்தார்கள். மூச்சை அடக்கி நிமோனியாவுக்கு வழிவிடுகிறது என்று கண்டபின் கைவிட்டுவிட்டார்கள். முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார்களின் கை, கால் வைத்தியத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. விலாவை மட்டும் எண்ணெய் பூசி உருவவோ இறுக்கிக் கட்டவோ விடாதீர்கள். முறிந்த முனை உள்ளே குத்தினால் சுவாசப்பையில் ஓட்டை விழும்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைமன்னாரிலும் பேசாலையிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய பரிசோதனைகளுக்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை. எழும்ப முடியாவிட்டால் 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வட மாகாணத்திலும் ஓடுகிறது. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. கையில் லைசன்ஸ் இல்லையே என்ற பயத்தில் சிலர் போகாமல் விடுகிறார்கள். லைசன்ஸ் இல்லாததற்காக உங்களுக்குச் சிகிச்சை மறுக்கப்படாது. எக்ஸ்ரேயில் எல்லா விலா முறிவும் தெரிந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "படத்தில் ஒன்றுமில்லை" என்றாலும் அழுத்தும்போதும் மூச்சிழுக்கும்போதும் ஒரே இடத்தில் குத்தினால் முறிவாகவே கருதிக் கவனிக்க வேண்டும். இடப்பக்கக் கீழ் விலாவுக்குப் பின்னால் மண்ணீரல் இருக்கிறது, வலப்பக்கம் ஈரல். நெஞ்சுக்குள் இரத்தம் சில நாள் கழித்தும் கசியலாம். மூச்சு முட்டினால், சளியில் இரத்தம் வந்தால், இடத் தோளில் காரணமில்லாத வலி வந்தால், தலை சுற்றி வியர்த்தால், காய்ச்சலோடு மஞ்சள் சளி வந்தால், தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்று அகப்பட்டால், நேரத்தைப் பாராமல் திரும்பிப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய பெரிய வைத்தியம் மூச்சுப் பயிற்சிதான். கட்டிலில் நிமிர்ந்து இருந்து, ஒரு தலையணையை நொந்த பக்கத்தோடு அணைத்துப் பிடியுங்கள். மூக்கால் மெதுவாக, வயிறு முன்னே வரும்வரை இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, வாயால் விடுங்கள். பத்துத் தரம் செய்தபின் தலையணையை இறுக்கிக்கொண்டு ஒருமுறை நன்றாக இருமுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்க மணிக்கு ஒருதரம் இதைச் செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் நோவு குறையும். படுத்தே கிடக்காமல் முற்றத்தில் நடவுங்கள். சுருட்டும் சிகரெட்டும் அறவே வேண்டாம். மல்லித் தண்ணி குடிக்கலாம், ஆனால் இருமலை அடக்கும் பாணியை டாக்டரைக் கேளாமல் குடிக்கக் கூடாது.

நோவு குளிசை எடுப்பது கோழைத்தனமில்லை. நோவு அடங்கினால்தான் ஆழமாக மூச்சு விட முடியும். பனடோல் 500 மில்லிகிராம் என்றால், பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. இன்னொன்று: மழைக்காலம் டெங்குக் காலமும்தான். காய்ச்சல் வந்தால் அது நிமோனியாவாகவும் இருக்கலாம், டெங்காகவும் இருக்கலாம். இரத்தம் சோதித்துப் பார்க்கும்வரை டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவற்றைத் தொடாதீர்கள், டெங்கில் அவை இரத்தப்போக்கை வருவிக்கும்.

இனிச் சட்டப் பக்கம். எலும்பு முறிவு எதுவானாலும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி பாரதூரமான காயம். அதில் விலாவும் அடங்கும். அதாவது, ஊர் "ஊமைக்காயம்" என்று தள்ளிவிடுவதைச் சட்டம் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். பொலிஸ் கரைச்சல் வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் "படியில் சறுக்கி விழுந்தன்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வரி அட்டையில் ஏறிவிட்டால், பிறகு நட்டஈடு கேட்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் காட்டுவது அதைத்தான். வீதி விபத்து என்றே சொல்லுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். தமிழ் அரசகரும மொழி, வட மாகாணத்தின் நிர்வாக மொழியும் அதுவே. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துக் காட்டி, மொழிபெயர்த்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

இன்னொரு வாகனம் தட்டி விழுந்திருந்தால், அதன் சாரதி நிறுத்தி உதவி செய்து பொலிஸுக்கு அறிவிப்பது சட்டக் கடமை. பலர் வீதியிலேயே ஐயாயிரமோ பத்தாயிரமோ நீட்டி "கேஸ் வேண்டாம் தம்பி, மருந்துக்கு வைச்சுக்கொள்ளுங்கோ" என்பார்கள். நல்ல மனத்தோடும் சொல்வார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து நெஞ்சில் இரத்தம் கட்டி யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால் அந்தக் காசு எந்த மூலைக்குக் காணும்? இலக்கத் தகட்டையும் காப்புறுதி அட்டையையும் படமெடுங்கள். "இனிக் கோரிக்கை இல்லை" என்ற எந்தத் துண்டிலும் கையெழுத்திடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம், உங்கள் நட்டஈடு அதிலிருந்து வர வேண்டியது. தட்டிய வாகனம் ஓடிவிட்டாலும், காப்புறுதி இல்லாததாக இருந்தாலும், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அங்கும் பொலிஸ் அறிக்கை கேட்பார்கள்.

தனியாகச் சறுக்கி விழுந்தவருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி உதவாது. முழுக் காப்புறுதி இருந்தால் பத்திரத்தை எடுத்து, சாரதியின் சொந்தக் காயத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ விழுந்திருந்தால் இன்னொரு கதவு உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது அந்தப் பயணமும் உள்ளே வந்தது. முதலாளிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியை மறந்துவிடக் கூடாது.

கடற்றொழிலாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வலை இழுப்பதும் படகு தள்ளுவதும் முழு நெஞ்சையும் முறுக்கும் வேலைகள். நோவு குறைந்தது என்று மூன்றாம் வாரமே கரைவலைக் கயிற்றைப் பிடித்தால், பொருந்திவரும் எலும்பு மறுபடி விலகும். குறைந்தது ஆறு வாரத்துக்குப் பாரம் வேண்டாம். ஓய்வு தேவை என்பதற்கான மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், இழந்த வருமானத்தைக் கோர அது வேண்டும். திரும்பிப் பார்க்கவும் திடீரென்று பிரேக் பிடிக்கவும் நோவில்லாத நாள்வரை மோட்டார் சைக்கிளும் வேண்டாம். தூக்கம் வரும் நோவு மருந்து எடுக்கிறவர் ஓடவே கூடாது.

காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்குப் போட எல்லை இரண்டு வருடம். அது விழுந்த நாளிலிருந்து எண்ணப்படும், நோவு தீர்ந்த நாளிலிருந்து அல்ல. காப்புறுதி நிறுவனத்துக்கும் முறைப்படி அறிவித்தல் போக வேண்டும், அதனால் கடைசி மாதம்வரை இழுக்காதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978இல் சட்டம் இயற்றி உண்டாக்கிய அமைப்பு அது. போகும்போது டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மருந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.