சிபோக்லினம்

சிபோக்லினம் என்பது கடலடிச் சேற்றில் குழாய் அமைத்து வாழும் வன்மயிர்ப் புழுக்களின் பேரினங்களுள் ஒன்றாகும். வளையப்புழுத் தொகுதியைச் சேர்ந்த சிபோக்லினிடே குடும்பத்திற்குப் பெயர் தந்தது இப்பேரினமே. இதன் இனங்கள் நூலிழை போன்றவை. உடலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. தலைப்பகுதியில் ஒரேயொரு உணர்நீட்சி உண்டு. வளர்ந்த புழுவிற்கு வாயோ குடலோ கிடையாது. உடலினுள் இணைவாழ்வு நடத்தும் பாக்டீரியாக்களைச் சார்ந்தே இது வாழ்கிறது.

பெயர்

1899-1900 ஆண்டுகளில் மாக்சு வெபர் தலைமையில் 'சிபோகா' என்ற கப்பல் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியக் கடல்களில் ஆய்வு நடத்தியது. அதில் கிடைத்த புழுக்களைப் பிரெஞ்சு விலங்கியலாளர் மோரிசு கோலேரி 1914 இல் விவரித்தார். பேரினப் பெயர் கப்பலையும், முதல் இனமான சிபோக்லினம் வெபெரி தலைவரையும் நினைவூட்டுகின்றன.

வகைப்பாடு

இவ்விலங்கை எங்கே சேர்ப்பது என்பது நெடுநாள் தீராச் சிக்கலாக இருந்தது. குடல் இல்லாததால் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று அறிவதே கடினம். உருசிய அறிஞர் இவானோவ் நரம்புவடம் உள்ள பக்கத்தை முதுகு எனக் கொண்டு, இவற்றை முதுகுநாணிகளுக்கு நெருங்கியவையாகக் கருதினார். 'தாடி தாங்கி' எனப் பொருள்படும் போகோனோபோரா என்ற தனித் தொகுதியில் இவை வைக்கப்பட்டன.

உண்மையில் அதுவரை ஆராயப்பட்டவை முழுமையான விலங்குகள் அல்ல. சேற்றிலிருந்து இழுக்கும்போது பின்முனை அறுந்து அங்கேயே தங்கிவிட்டது. நார்வேயின் சிபோக்லினம் பியோர்டிகம் என்ற இனத்தின் பின்முனையை 1964 இல் வெப் விவரித்தார். அது பல கண்டங்களாகப் பிரிந்து வன்மயிர்களுடன் இருந்தது. இவை வளையப்புழுக்களுக்கு உரிய அடையாளங்கள். ஆயினும் தனித் தொகுதி உடனே கைவிடப்படவில்லை. 1977 இல் காலாபகோசு அருகே கண்டறியப்பட்ட, ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரும் ரிப்டியாவின் குழுவுக்குக்கூட 1985 இல் மற்றொரு தொகுதி முன்மொழியப்பட்டது.

1997 இல் மக்கியூ வெளியிட்ட மரபணு ஒப்பீடு இரு குழுக்களையும் வன்மயிர்ப் புழுக்களுக்குள்ளேயே வைத்தது. தொகுதியாக இருந்தது குடும்பமாகச் சுருங்கியபோது, குடும்பப் பெயர்களுக்கான முந்துரிமை விதிப்படி கோலேரியின் 1914 ஆம் ஆண்டுப் பெயரே நிலைத்தது. 2001 இல் ரவுசு இதனை விரிவாக நிறுவினார். எனவே ரிப்டியாவும், திமிங்கில எலும்பில் வாழும் ஒசெடாக்சும் இன்று இந்த நூலிழைப் புழுவின் குடும்பப் பெயரிலேயே அடங்குகின்றன.